தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிற அக்காவுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாள்: எப்படி எழுதுவது?

போட்டோஸ்டாட் கடைக்காரி எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. நகல் எடுப்பது பாதி வேலைதான். மீதி நேரம் பாரம் நிரப்புவதும் மலாயில் கடுதாசி அடித்துக் கொடுப்பதும். ஈபிஎஃப் (சேமநிதி), பெர்க்கெசோ (தொழிலாளர் காப்புறுதி), பிள்ளைகளின் உதவித்தொகை, தொலைந்துபோன ஐசி (அடையாள அட்டை) என்று எல்லாம் என் மேசைக்கு வரும். செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டங்களுக்கு மருந்தடிக்கவும் பழம் பொறுக்கவும் லோரியில் வேலைக்குப் போகிற பெண்கள் சம்பளம் போட்ட வாரக் கடைசியில் வருவார்கள்.

இப்போது ஒரு தாள் தயார் பண்ண வேண்டும். வேலையிடத்தில் எவனாவது கை வைத்தால், அசிங்கமாகப் பேசினால், தனியாகக் கூப்பிட்டால் எங்கே போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று. அதுதான் அரசாங்கமே போட்டிருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2023 ஜனவரி முதல் எல்லா முதலாளியும் வேலையிடத்தில் கண்ணில் படுகிற மாதிரி இதைப் பற்றி அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு தோட்டத்து ஆபீசில் நானே பார்த்தேன். ஒட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது. கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) மேசைக்குப் பின்னால், மலாயில், பொடி எழுத்தில். மருந்தடிக்கிற பெண் அந்த ஆபீசுக்குள் வருடத்துக்கு எத்தனை தடவை போகப்போகிறாள்? விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்பாள், ஸ்டோரில் மருந்துப் பம்பு எடுப்பாள், லோரி ஏறுவாள். அவ்வளவுதான்.

இதில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

2019, தைப்பூசம் முடிந்த வாரம். உதிரிப்பழம் பொறுக்குகிற ஓர் அக்கா வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னது இது (மண்டோர் என்றால் வேலை வாங்குகிற மேஸ்திரி, காடு என்றால் தோட்டத்தில் அன்றைக்கு வேலை செய்கிற பகுதி): “மண்டோரு சொல்றாரு, நீ மட்டும் சாயங்காலம் ஸ்டோர் பக்கம் வா, நாளையிலேர்ந்து கிட்டத்துக் காட்டுலேயே போடுறேன், வரலன்னா உனக்கு மேட்டுக் காடுதான்னு.” மூன்று வாரமாக மேட்டுக் காட்டில்தான் போட்டிருக்கிறான். ஒரு நாள் பம்பு கழுவுகிற குழாயடியில் கையைப் பிடித்திருக்கிறான். கூட இருந்த பெண் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம்.

நான் என்ன செய்தேன்? பெரிய படிப்பாளி மாதிரி, மேற்படி நபர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்கிற அர்த்தத்தில் நல்ல மலாயில் நாலு வரி அடித்துக் கொடுத்தேன். அதில் மேட்டுக் காடு இல்லை, குழாயடி இல்லை, பார்த்த பெண் இல்லை, அவன் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டேன். தோட்டத்து ஆபீசில் “என்ன நடந்துச்சுன்னே இதுல இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அக்கா அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. எதிர் வரிசைக் கடையில் நகல் எடுத்துக்கொண்டு நிற்பதை ஒரு நாள் பார்த்தேன்.

சரி, இப்போது தாளுக்கு வருகிறேன். முதல் படியை அடித்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் மருந்தடித்தவர், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். “பாலியல் துன்புறுத்தல் என்றால் என்ன?” என்பது என் முதல் வரி. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இது ஆஸ்பத்திரித் தாளா?” என்றார். இல்லையென்று விளக்கினேன். மறுபடி பார்த்துவிட்டு, “துன்புறுத்துறதுன்னா அடிக்கிறதுதானே? என்னை யாரும் அடிக்கலியே” என்றார். இதே அம்மாதான் அந்தக் காலத்து மண்டோர் ஒருவன் பம்பை முதுகில் ஏற்றிவிடுகிற சாக்கில் செய்ததை எல்லாம் என்னிடம் கதை கதையாகச் சொன்னவர்.

அதனால் கேட்கிறேன். அந்த முதல் வரிக்கு என்ன வார்த்தை போடுவது? சட்டத்தை எவ்வளவு சொல்வது? எழுத்தே தெரியாதவர்களுக்கு என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

பழைய கிராணி எழுதியது:

அம்மா, நான் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன். உங்கள் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்த மேசையைப் போன்ற மேசைதான் என்னுடையதும். எங்கள் காலத்தில் இப்படி ஒரு புகார் வந்தால் மண்டோரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அந்தப் பெண்ணை வேறு கும்பலில் போட்டுவிடுவோம். அதைத் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாற்றப்பட்டது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

ஆபீஸ் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன், தாளில் அவசியம் போடுங்கள். கடுதாசியை இரண்டு படி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒன்று ஆபீசுக்கு. மற்றதில் பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு சாப் (முத்திரை) குத்தி, கையெழுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப் இல்லாத கடுதாசி எங்கள் மேசையில் எத்தனை காணாமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாப் குத்த மாட்டேன் என்றால் கொடுக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ரிஜிஸ்தர் தபாலில் இன்னொன்று அனுப்பட்டும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், 2012-ல் தொழிலாளர் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பகுதி சேர்த்தார்கள். புகார் வந்தால் முதலாளி விசாரித்தாக வேண்டும். விசாரிக்கமாட்டேன் என்றால் அதற்கான காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் காரணம் சரியில்லை என்று பட்டால் புகார் கொடுத்த பெண் நேராக லேபர் ஆபீசுக்குப் போகலாம். கடமையைச் செய்யாத முதலாளிக்கு அபராதம் முன்பு 10,000 வெள்ளி வரை. 2023-லிருந்து 50,000 வரை. அவளுடைய சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பகுதி பொருந்தும். சாப்பில் உள்ள தேதியிலிருந்துதான் அந்த 30 நாளை எண்ண முடியும்.

*

ஈப்போ வக்கீல் தங்கச்சி எழுதியது:

அக்கா, நீங்கள் 2019-ல் செய்தது போல்தான் வக்கீல்களும் செய்கிறோம், மனசு விடாதீர்கள். அழகுபடுத்துகிற புத்தி எங்களுக்கு இன்னும் அதிகம்.

உங்கள் தாளில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் நான் இதைப் போடுவேன்: அவன் என்ன வார்த்தை சொன்னானோ அதே வார்த்தையை அப்படியே சொல்லு. அசிங்கமாக இருந்தாலும் மாற்றாதே. 2016-ல் நம் கூட்டரசு நீதிமன்றத்தில் (நாட்டின் மேல்மட்ட நீதிமன்றம்) ஒரு வழக்கு முடிந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் ஒரு பெண்ணிடம் ஓயாமல் ஆபாசமாகப் பேசியது. கை வைக்கவில்லை, பேச்சு மட்டும்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் முதலில் வழக்குப் போட்டவர் அந்த மனிதர், தன் பெயர் கெட்டது என்று. அந்தப் பெண் எதிர்வழக்குப் போட்டார், ஜெயித்தார். அவருக்கு 120,000 வெள்ளி இழப்பீடு கிடைத்தது. இந்த நாட்டில் பாலியல் தொல்லை என்ற ஒரே காரணத்தை வைத்தே சிவில் வழக்குப் போடலாம் என்று உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். அவன் பேசிய பேச்சுதான் அங்கே ஆதாரம். அதைத் தகாத முறை என்று நாம் மூடி வைத்துவிட்டால் நீதிபதி எதைப் பார்ப்பார்?

இன்னொன்று, பழைய கிராணி ஐயா சொன்ன வழி கம்பெனி ஆட்களுக்குச் சரியாக வரும். ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொந்த்ரேக் (ஒப்பந்தக்காரர்) லோரியில் போகிறவர்களாக இருப்பார்கள். மண்டோர் ஒரு கம்பெனி, இவள் வேறொரு ஆளிடம் சம்பளம் வாங்குவாள், லோரி ஓட்டுகிறவன் மூன்றாவது ஆள். அப்படிப்பட்டவர்களுக்கு 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 மார்ச் 8 முதல் புகார் வாங்குகிறது. தொல்லை கொடுத்தவன் முதலாளியா, கூட வேலை செய்கிறவனா, கடைக்காரனா, கோயில் கமிட்டிக்காரனா என்று அங்கே பார்ப்பதில்லை, யார் மேலும் கொடுக்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். மூன்று பேர் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, இரண்டு பக்கமும்தான். என் பிழைப்புக்கு நஷ்டம், ஆனால் நல்ல ஏற்பாடு. மன்னிப்புக் கேள் என்று உத்தரவு போடலாம், இழப்பீடு 250,000 வெள்ளி வரை கொடுக்கச் சொல்லலாம்.

கை வைத்தால், பயமுறுத்தினால் போலீஸ். அது தனி வழி. பெண்ணின் மானத்தைக் குலைக்கிற பேச்சுக்கும் சைகைக்கும் குற்றவியல் சட்டம் 509-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். உடம்பில் கை வைத்தால் 354, பத்து வருடம் வரை. இந்த எண்களைத் தாளில் போடாதீர்கள், யாருக்கும் நிற்காது. பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போட்டை அவர்கள் மலாயில் அடிப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தமிழில் சொல்லிக் காட்டச் சொல்ல வேண்டும், ஒரு நகல் கேட்டு வாங்க வேண்டும். இதை மட்டும் போடுங்கள். நிலைமை மோசம் என்றால் உடுப்பை மாற்றாமல், குளிக்காமல் நேராக அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. முதலில் பாலாய்க்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றில்லை.

*

ஊர்க்காரன் எழுதியது:

எல்லாம் சரிதான். ஆனால் இந்த மாதிரித் தாளைக் கையில் கொடுத்தால் வேலையில் கண்டிக்கிற மண்டோர் மேல் எல்லாம் புகார் வரும். குடும்பம் நடத்துகிற ஆம்பளை. தோட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்பது நல்லது இல்லையா?

*

பழைய கிராணி எழுதியது:

தம்பி, பேசித் தீர்த்தவன் நான்தான், மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். வேண்டுமென்றே கொடுக்கிற புகார், அர்த்தமில்லாத புகார் என்றால் விசாரிக்க மறுக்க முதலாளிக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்டிப்பான மண்டோர் பயப்பட ஒன்றுமில்லை.

*

மருந்தடிக்கிறவர் மகள் எழுதியது:

அம்மா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். அவருக்குக் கைப்பேசியில் எழுத வராது.

அம்மா கேட்பது: இந்தத் தாளை நான் எங்கே வைப்பேன்? வீட்டில் அப்பா பார்த்தால் “யாரு உன்கிட்ட என்ன பண்ணான்?”னு ஆரம்பிப்பார், அப்புறம் வேலைக்கே போகாதே என்பார். மண்டோர் பண்ணுவதை விட அதுதான் பெரிய பயம் என்கிறார். லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) ஒருத்தி கையில் அந்த மாதிரித் தாள் இருக்கிறது என்று தெரிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் பூரா பேசும்.

அதனால் அம்மா சொல்கிற யோசனை, சிரிக்காதீர்கள். தாளின் ஒரு பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, பொது விடுமுறை தேதி எல்லாம் போடுங்கள். மாரியம்மன் படம் சின்னதாக மேலே. அந்தத் தாளை யாரும் கிழித்துப் போடமாட்டார்கள், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். பர்சிலேயே கிடக்கும். நீங்கள் சொல்ல வேண்டியது மறுபக்கத்தில்.

முதல் வரிக்கு அம்மா சொன்னது: “வேலை எடத்துல ஒருத்தன் உன்கிட்ட தப்பா நடந்துக்கிறானா?” கூடவே, அவன் என்னென்ன செய்வான் என்பதையும் போடச் சொல்கிறார். இடிச்சுக்கிட்டு போறது, பம்பு ஏத்திவிடுறேன்னு தடவறது, போன்ல அசிங்கப் படம் காட்டுறது, புருஷனைப் பத்திக் கேள்வி கேக்கிறது, நல்ல காடு தர்றேன்னு கூப்பிடுறது. இதைப் படித்தால் யாருக்கும் புரியும், தலைப்பே வேண்டாம் என்கிறார்.

இந்தோனேசியாக்காரப் பெண்களை மறக்க வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார். அம்மா கும்பலில் இப்போது எங்கள் ஆட்கள் மூன்றே பேர்தான்.

*

தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

இந்த அமாவாசை யோசனைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

என்னிடம் படித்த ஒரு பெண் காது கேளாதவள், இப்போது நாற்றுப் பண்ணையில் நாற்றுப் பைகளில் மண் போடுகிற வேலை. புகாருக்கு 15999-க்கு அழையுங்கள் என்று மட்டும் போட்டால் அவளுக்கு அது சுவர்தான். அந்த எண்ணை நடத்துகிற அரசாங்க உதவிச் சேவை தாலியான் காசே-க்கு வாட்சாப்பும் இருக்கிறது, 019-2615999. எழுதி அனுப்பலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒன்றுக்குக் காது படம், இன்னொன்றுக்குக் கை எழுதுகிற படம். எண்களைப் பெரிதாக, இடைவெளி விட்டுப் போடுங்கள். மருந்தடித்துக் கண் கெட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதத் தெரியாதவர்கள் நடந்ததை எப்படிக் குறித்துவைப்பது? என் அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன்: அன்றைக்கே, மறப்பதற்கு முன்னால், வாட்சாப்பில் தன் எண்ணுக்கே குரல் அனுப்பி வைப்பது. என்றைக்கு, எந்தக் காடு, என்ன சொன்னான், பக்கத்தில் யார். ஒரு நிமிடம் போதும். அனுப்பிய தேதியும் நேரமும் அதிலேயே நிற்கும்.

ஒரு திருத்தமும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் கதை வேறு. சிறுவர் மீதான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைக்கு அப்படி நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பழம் பொறுக்கப் போகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாளில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

*

போட்டோஸ்டாட் கடைக்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், பள்ளிப் பாரம் நிரப்புகிற காலம், கடையில் நிற்க இடமில்லை.

தாள் முடிந்தது. ஏ4-ஐ எட்டாக வெட்டினால் ஒன்று வரும், ஒரு தடவை மடித்தால் ஐசி வைக்கிற உறைக்குள் சரியாக நுழைகிறது. முன்பக்கம் மாரியம்மன், அமாவாசை, பௌர்ணமி, விடுமுறைகள். கிருத்திகைக்கு இடம் பற்றவில்லை. பின்பக்கம் அந்த அம்மா சொன்ன வரியும், அவன் செய்கிற ஐந்து காரியங்களும். அதற்குக் கீழே மூன்றே விஷயம்: அவன் சொன்னதை அப்படியே சொல்லு, குரலில் பதிவு பண்ணி வை, கடுதாசி கொடுத்தால் சாப் வாங்கு. அப்புறம் 15999-ம் வாட்சாப் எண்ணும். பிள்ளை என்றால் உடனே போலீஸ் என்று ஒரு வரி. சட்டத்தின் பெயர், பிரிவு, வெள்ளிக் கணக்கு எதுவும் இல்லை. அதையெல்லாம் ஒரு பெரிய தாளில் அடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், தீர்ப்பாயத்தின் விவரமும் அங்கேதான். கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

வக்கீல் தங்கச்சிக்கு ஒரு சேதி. இந்த மாதிரிக் கடுதாசிக்கு இப்போது என் முறையை மாற்றிவிட்டேன். முதலில் அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பிடித்துக்கொள்கிறேன், அதைக் கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். அவன் சொன்ன தமிழ் வார்த்தையைத் தமிழ் எழுத்திலேயே போட்டு, பக்கத்தில் மலாய். முடிந்ததும் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். காசு வாங்குவதில்லை.

குரல் பதிவும் ஒன்று செய்தேன், ஐம்பது விநாடி. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை, “இதை நீ ஏன் இவ்ளோ வேகமா பேசுற? யாராச்சும் வந்துருவாங்கன்னு பயமா?” என்றார். உண்மைதான், கடையில் ஆள் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பேசியது. இன்னொரு தடவை, இரவில், நிதானமாகப் பேசினேன். அவரே பேசினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

மலாய்ப் பக்கம் இன்னும் முடியவில்லை. நான் பேசுகிற கடுதாசி மலாய் இந்தோனேசியாக்காரப் பெண்களுக்கு ஆகாது. மருந்தடிக்கிறவர் மகள், அம்மா கும்பலில் நன்றாகப் பேசுகிற பெண் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள், மைலோ வாங்கித் தருகிறேன்.

முதல் அறுபது தாள் போன வாரம் போய்விட்டது. எதிர் வரிசைக் கடைக்கும் பத்து கொடுத்தேன், காரணம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். நேற்றுக்கூட எடுத்துப் பார்த்துவிட்டு அமாவாசை வெள்ளிக்கிழமை என்றார். இதுவரைக்கும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.